ஆலோசனை அறையும் கேமராவும்: 17 வருடத்தில் நான் கற்றுக்கொண்டது

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அம்மா தன் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தம்பிக்கு 18 வருடமாக மனச்சிதைவு நோய். "அன்னைக்கு ராத்திரி அவன் கிணத்துப் பக்கமா நடந்து போனான் தாயி" என்றவர் அதற்கு மேல் பேசவில்லை. சேலைத் தலைப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கேமராமேன் மெல்ல அவர் முகத்துக்கு நெருங்கிப் போனது எனக்குத் தெரிந்தது. படம் எடுப்பவளாக அந்த மௌனம் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் மூன்று நாளாக அந்த வீட்டில் காத்துக் கிடந்தோம். ஆனால் உளவியலாளராக எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அவர் அந்த நேரத்தில் திண்ணையில் இல்லை, பழைய கிணற்றடிக்கே திரும்பிப் போய்விட்டார். நான் எதுவும் செய்யவில்லை. கேமரா ஓடியது. பிறகு எடிட்டிங்கில் பார்த்தபோது அந்த மௌனம் 40 விநாடி. படம் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் பாராட்டினார்கள்.

இது 2012ல் நடந்தது. இன்றைக்கு அதே திண்ணையில் இருந்தால் கேமராவை அணைக்கச் சொல்லியிருப்பேன். அந்த மாற்றம் எனக்குள் எப்படி வந்தது என்று எழுதி வைக்க வேண்டும் எனப் பல நாள் நினைத்ததுண்டு. உளவியல் படிக்கிற பிள்ளைகள் பலர் இப்போது என்னிடம் வந்து, "மேடம், எனக்கும் ஆவணப்படம் எடுக்க ஆசை, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். ஆனால் இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

முதலில் படிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்த உடனே நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்டிவிட முடியாது. இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். என் காலத்தில் அது இரண்டு வருட எம்.ஃபில். மருத்துவமனையிலேயே இருந்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். நாங்கள் மருந்து எழுதுவதில்லை, அது மனநல மருத்துவரின் வேலை. இந்த வித்தியாசத்தை இன்றும் வாரம் ஒரு முறையாவது யாருக்காவது விளக்குகிறேன்.

கேமரா மேல் எனக்கு ஈடுபாடு வந்ததே அந்தப் பயிற்சியில்தான். நோயாளியின் சம்மதத்தோடு நாங்கள் நடத்தும் சிகிச்சை அமர்வுகளை வீடியோவில் பதிவு செய்வார்கள். வாரக் கடைசியில் எங்கள் மேற்பார்வையாளர் அதைப் போட்டுக் காட்டுவார். என் முதல் பதிவைப் பார்த்தபோது அதிர்ந்துபோனேன். எதிரில் இருப்பவர் வாய் திறக்கும்போதெல்லாம் நான் குறுக்கே பேசியிருந்தேன். அவர் கண் கலங்குவதற்கு ஒரு நொடி முன்பு நான் தலையைக் குனிந்து குறிப்பெழுதுகிறேன். அறைக்குள் இருந்தபோது இவை எதையும் நான் உணரவில்லை. மனசு மறைத்துவிடுவதைக் கேமரா காட்டிவிடுகிறது என்று அன்றைக்குத் தோன்றியது. 2008ல் திருச்சியில் தனியாக ஆலோசனை அறை தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்துப் புனேயில் கோடைக்காலத்தில் நடக்கும் திரைப்பட ரசனைப் படிப்புக்குப் போனேன்.

அங்கேதான் ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றித் தெரிந்துகொண்டேன். என் வேலைக்கு ஒரு முன்னோடி உண்டென்றால் அது அவர்தான் என்பதால் அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் லண்டனில், சிக்மண்ட் ஃப்ராய்டின் மகளும் குழந்தைகளின் உளவியலை ஆராய்ந்தவருமான அன்னா ஃப்ராய்ட் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக வேலைக்குச் சேர்ந்தவர். பிறகு சமூகப் பணி படித்து, லண்டனின் டாவிஸ்டாக் மனநலக் கிளினிக்கில், தாய்-சேய் பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பியோடு வேலை செய்தார், உளப்பகுப்பாய்வாளரும் ஆனார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் குழந்தையைச் சேர்த்தால் பெற்றோரை உள்ளே விடுவது அபூர்வம். பல இடங்களில் வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்க முடியும். குழந்தை முதலில் அழும், அப்புறம் அடங்கிவிடும். "பழகிக்கொண்டது" என்பார்கள் டாக்டர்களும் நர்சுகளும். வார்டுகளில் உட்கார்ந்து பார்த்த ராபர்ட்சன், அது பழக்கமில்லை, குழந்தை நம்பிக்கை இழந்து ஒடுங்கிப்போகிறது என்றார். யாரும் கேட்கவில்லை. வாயால் சொன்னால் எடுபடாது என்று தெரிந்ததும், அதுவரை தொட்டே பார்க்காத ஒரு மூவி கேமராவை வாங்கினார்.

1952ல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறாள்'. லாரா என்ற சிறுமி தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் வார்டில் இருக்கிறாள். அவள் ஓயாமல் அழுகிற குழந்தையும் இல்லை. உதட்டைக் கடித்து அடக்கிக்கொள்கிறாள், அம்மா வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ராபர்ட்சன் செய்த ஒரு காரியம் என்னை அப்படியே உட்கார வைத்தது. குழந்தையைத் தானாகத் தேர்ந்தெடுக்காமல் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தார். தினமும் குறித்த நேரத்தில் படம் பிடித்தார். வார்டின் சுவர்க் கடிகாரம் ஃபிரேமில் தெரிகிறது. 'அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்துவிட்டாய்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா, அதற்காக. அப்படியும் லண்டன் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் திரையிட்டபோது கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் படம் தன் வேலையைச் செய்தது. 1959ல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழு தன் அறிக்கையில், பெற்றோர் குழந்தையைத் தடையில்லாமல் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஒரு கேமரா இவ்வளவு செய்யும் என்றால் நாமும் செய்ய வேண்டும் என்று கிளம்பினேன். கிளம்பும்போது அந்தக் கடிகாரத்தை மறந்துவிட்டேன். உணர்ச்சி மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

சரி, அந்தப் புதுக்கோட்டைப் படத்துக்கு வருகிறேன். மனநோய் உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பற்றிய படம். சேமிப்பிலிருந்து 1,80,000 ரூபாய் போட்டேன். சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வரி வரியாகப் படித்துக் காட்டி, அந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கினேன். "திரைப்பட விழாக்களிலும் பிற இடங்களிலும் திரையிடப்படும்" என்று அதில் இருந்தது. "எடுத்துக்க தாயி, நாலு பேருக்குப் பிரயோஜனப்பட்டா சரி" என்றார். என் மனசாட்சி சுத்தமாக இருந்தது.

2014ல் அந்தப் படத்தைத் திரையிட்ட ஓர் அமைப்பு, என்னிடம் கேட்காமல் மூன்று நிமிடத் துண்டை வெட்டி இணையத்தில் போட்டது. கிணற்றடி மௌனம் உள்ள அதே துண்டு. அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய், அந்த அம்மாவின் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தி வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. "வீட்டுல இப்படி ஒரு வியாதி இருக்குன்னு மறைச்சிட்டீங்களே" என்று கேட்டு, சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். அந்த அம்மா எனக்கு ஃபோன் செய்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச தாயி. ஆனா ஊரு அப்படி இல்லியே" என்று மட்டும் சொன்னார்.

துண்டை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். ஆனால் எத்தனை ஃபோனில் அது இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முழுப் படத்தையும் திரும்பப் பெற்றேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் கேமராவைத் தொடவில்லை.

அந்த இரண்டு வருடம் முழுக்க ஒரே கேள்விதான். படிவம் சரியாக இருந்தது, படித்தும் காட்டினேன், அப்புறம் எங்கே தவறு? அவரைப் பொறுத்தவரை 'திரைப்பட விழா' என்ற வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. டாக்டர்களுக்குப் போட்டுக் காட்டப் போகிறோம் என்றுதான் நினைத்திருக்கிறார். தன் படத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பது தெரியாமல் ஒருவர் சொல்லும் 'சரி' உண்மையான சம்மதம் ஆகாது. இன்னொன்றும் இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு நாளானது. நான் மனநல ஆலோசகர் என்பதால்தான் அவர் என்னிடம் அவ்வளவு பேசினார். ஆலோசனை அறைக்குள் எனக்குக் கிடைக்கும் நம்பிக்கையைக் கேமராவுக்காகச் செலவழித்துவிட்டேன். அறைக்குள் சொல்வது அறைக்குள்ளேயே இருக்கும். கேமரா முன் சொல்வது வீட்டை விட்டு, ஊரை விட்டுப் போய்விடும். கேட்கிற காது ஒன்றுதான், ஆனால் கேட்டதை என்ன செய்கிறோம் என்பதில் இரண்டு தொழிலும் நேர் எதிர்.

அதிலிருந்து வந்தவைதான் இன்று நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழக்கங்கள்.

என்னிடம் சிகிச்சைக்கு வந்தவரை, இப்போது வருபவரோ முன்பு வந்தவரோ, நான் ஒருபோதும் படம் எடுப்பதில்லை. அவரே கேட்டாலும் இல்லை. ஒரு முறை என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு இளைஞர், "மேடம், உங்க அடுத்த படத்துல என் கதையை வையுங்க" என்றார். முடியாது என்றதும் முகம் வாடிவிட்டது. தன் கதை படமாகும் அளவுக்குப் பெரியதில்லை என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொண்டார். அதைப் பற்றியே அடுத்த இரண்டு அமர்வுகள் பேசினோம். இன்னொரு பெண்ணுக்கு நேர்மாறான பயம். நான் படம் எடுப்பவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, தான் பேசுவதை எங்காவது ஒளித்துப் பதிவு செய்கிறேனோ என்று மூன்று வாரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து என் அறைச் சுவரில், வருபவர் கண்ணில் படும் இடத்தில், "இங்கே பேசுவது எதுவும் படமாகாது" என்று எழுதி மாட்டியிருக்கிறேன். முதல் நாளே வாயாலும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொழிலும் செய்கிறவர்கள் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள்.

சம்மதத்தை மூன்று முறை கேட்கிறேன். எடுக்கும் முன்பு ஒரு முறை, எடுத்து முடித்து இரண்டு வாரம் ஆறவிட்டு ஒரு முறை, ரஃப் கட், அதாவது முதல் கட்ட எடிட்டிங், தயாரானதும் அவர் வீட்டிலேயே, அவர் வீட்டு டிவியிலேயே, அவர் யார் யாரோடு பார்க்க விரும்புகிறாரோ அவர்களோடு உட்கார்ந்து பார்த்த பிறகு ஒரு முறை. முதல் தடவை கேட்கும்போது ஒரு கேள்வி கட்டாயம் உண்டு: "இதை யார் பார்த்தால் உங்களுக்குக் கஷ்டம்?" 'உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டால் மரியாதைக்காகச் சரி என்பார்கள். யார் பார்த்தால் கஷ்டம் என்று கேட்டால்தான் நாத்தனார், வேலை கொடுத்தவர், பேரன் படிக்கும் பள்ளி, பேசிக்கொண்டிருக்கும் சம்பந்தம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, அவர்கள் பார்க்கப் போகிறார்கள் என்றே எண்ணி முடிவெடுக்கச் சொல்கிறேன். எந்தத் தேதி வரை விலகிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுவேன். அந்தத் தேதிக்குப் பிறகு நானே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் மறைப்பதில்லை.

நோய் தீவிரமாக இருக்கும் நேரத்தில் யாரையும் படம் எடுப்பதில்லை. நல்ல நிலைக்கு வந்த பிறகு கேட்டு, அவர் விரும்பினால் எடுப்பேன். 2018ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநல நிலையத்தில் சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்று 24ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. சம்மதம் கொடுக்க வேண்டியவர் நோயுற்றவர்தான். அண்ணனோ அப்பாவோ காப்பகத்தின் மேலாளரோ 'எடுத்துக்கோங்க' என்றால் போதாது. இதை மீறி எடுத்த காட்சிகளைத் தொலைக்காட்சிகளில் பார்க்கும்போது எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

முகத்தை மங்கலாக்கினால் போதுமே என்பார்கள். கிராமத்தில் போதாது. வாசல் வேப்பமரம், மாட்டின் கொம்பு, குரல், இருமல் எல்லாமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். தவிர, நம் ஊரில் முகம் மங்கலாகத் தெரிவது கைதானவர்களுக்குத்தான். நோயோடு வாழ்பவரை அப்படிக் காட்டினால் பார்ப்பவர் மனசில் அவர் ஏதோ தப்பு செய்தவராகத்தான் பதிவார். மறைத்தே ஆக வேண்டும் என்றால் வேறு இடத்தில், வேறு குரலில், கைகளை மட்டும் காட்டி எடுக்கிறேன். பெரும்பாலும், மறைக்க வேண்டிய நிலை இருந்தால் அந்தப் பேட்டியையே விட்டுவிடுகிறேன்.

கேள்வி கேட்பதில் என் உளவியல் படிப்பு நேராகக் கைகொடுத்தது. எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் 1974ல் செய்த ஆய்வு உளவியல் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கார் விபத்துப் படத்துண்டுகளைக் காட்டிவிட்டு, கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' எவ்வளவு வேகம் என்று சிலரிடமும், 'மோதி நொறுங்கியபோது' எவ்வளவு வேகம் என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் சொல்லைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 31.8 மைல் என்றார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் 40 மைலுக்கு மேல் என்றார்கள். அதே ஆய்வின் அடுத்த கட்டத்தில் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, 'மோதி நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்தவர்களில் 32 சதவீதம் பேர் உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல் மனிதரின் ஞாபகத்தையே மாற்றிவிடும் என்றால், "அந்தக் கொடுமையான நாளைப் பற்றிச் சொல்லுங்க" என்று தொடங்கும் பேட்டியாளர் என்ன செய்கிறார்? தனக்கு வேண்டிய பதிலை எதிரில் இருப்பவர் ஞாபகத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார். அதனால் என் பேட்டிகளில் பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான்: "அன்னைக்குக் காலையில எந்திரிச்சதிலிருந்து சொல்லுங்க", "அப்புறம்?", "அப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க?" 'ஏன்' என்று ஆரம்பிக்கும் கேள்வியைத் தவிர்க்கிறேன். 'ஏன்' என்றால் நம் மக்கள் குற்றம் சாட்டுவதாகத்தான் கேட்பார்கள்.

மௌனம் வந்தால்? இப்போது குழுவோடு ஓர் ஏற்பாடு உண்டு. நான் கையிலிருக்கும் நோட்டை மூடினால் கேமராவை அணைத்துவிட வேண்டும். அணைத்ததும், "அணைச்சிட்டோம்மா" என்று வாயால் சொல்கிறேன். தண்ணீர் கொடுத்து, தொடர வேண்டுமா என்று கேட்கிறேன். சில நேரம் அவர்களே "பரவால்ல, போடுங்க, நான் சொல்லணும்" என்பார்கள். அப்படி அவர்கள் சொல்லிப் போடச் சொன்ன பிறகு பதிவாகும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவார்கள். அந்த 40 விநாடியைவிட அதுதான் எனக்கு மேலான காட்சி.

கனமான இடத்தில் பேட்டியை முடித்துவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. கடைசிப் பதினைந்து நிமிடம் இன்றைய நாளுக்கு அழைத்து வர வேண்டும். ராத்திரிக்கு என்ன சமையல், ஆடு குட்டி போட்டதா, பேத்தி எந்த வகுப்பு? அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது உத்தமம். மறுநாள் ஒரு ஃபோன், ஒரு வாரம் கழித்து ஒரு ஃபோன். அந்த மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தெந்த நாள் இருப்பார் என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறோம். 2022 அக்டோபரில் தொடங்கிய, மத்திய அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416ஐயும் கொடுக்கிறோம். அதில் தமிழிலும் பேசலாம்.

நம் குழுவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். மூன்றாவது படம், தற்கொலையில் பிள்ளையை இழந்த பெற்றோர் பற்றியது. எப்படி இறந்தார் என்ற விவரத்தைச் சொல்வதில்லை, ஒரே காரணத்தின் மேல் பழியைப் போடுவதில்லை என்று முதல் நாளே முடிவு செய்தோம். உலக சுகாதார நிறுவனம் திரைப்படக்காரர்களுக்கென்றே 2019ல் வெளியிட்ட வழிகாட்டி இதற்கு மிகவும் உதவியது. படப்பிடிப்பின் நான்காவது நாள் எங்கள் சவுண்ட் தம்பி காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். கேமராமேனுக்கும் அழுபவருக்கும் நடுவே கண்ணாடி இருக்கிறது. எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடி தூரம் இருக்கிறது. ஹெட்ஃபோன் போட்டவருக்கோ அந்தத் தாயின் மூச்சு, எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாம் காதுக்குள்ளேயே கேட்கிறது. "அக்கா, ராத்திரி தூங்குறப்பயும் அந்தக் குரல் கேக்குது" என்றார். ஒரு உளவியலாளர் அதை முதல் நாளே எதிர்பார்த்திருக்க வேண்டும். இப்போது ஒரு நாளில் ஒரு கனமான பேட்டிக்கு மேல் எடுப்பதில்லை. மாலையில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் பிரிகிறோம். எடிட்டரையும் மறந்துவிடாதீர்கள். பார்வையாளர் ஒரு முறை பார்க்கும் அழுகையை அவர் நூறு முறை பார்க்கிறார்.

இரண்டாவது படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில்தான் என் தொழில் கர்வம் குறைந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்காக மனநோயாளிகளைக் கூட்டிவரும் ஊரான ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது கல்லூரி மாணவி. அந்தச் செய்தி என்னை உளவியல் பக்கம் தள்ளியதில் பெரும் பங்கு வகித்தது. அதனால் கோயிலிலும் தர்காவிலும் மனநோயாளிகளைத் தங்க வைப்பதைத் தோலுரிக்க வேண்டும் என்று 2017ல் கிளம்பினேன். திருச்சிக்குப் பக்கத்திலேயே குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. மனநலம் பாதித்தவர்கள் ஒரு மண்டலம், 48 நாள், அங்கே தங்குவது பழைய வழக்கம். கேமரா இல்லாமல் முதலில் இரண்டு மாதம் போய் வந்தேன்.

நான் தேடிப்போன கொடுமை அங்கே இல்லை. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தன. மகனைக் கூட்டிவந்த ஒரு அப்பா, "எங்க ஊர்ல இவனை வெளிய கூட்டிட்டுப் போக முடியாதும்மா. இங்க யாரும் வேடிக்கை பாக்கல" என்றார். ஏர்வாடி விபத்துக்கு மறு வருடம், 2002ல், பெங்களூரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரைக் கவனித்ததில், அவர்களின் அறிகுறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. சடங்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆதரவான, அச்சுறுத்தாத சூழல் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அதற்காக மாத்திரை வேண்டாம், கோயில் போதும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மனச்சிதைவுக்கு மருந்து வேண்டும், சங்கிலி எங்கே இருந்தாலும் அது குற்றம். ஆனால் நான் முன்முடிவோடு போயிருந்தேன். கேமராவோடு முதல் நாளே இறங்கியிருந்தால் என் கோபத்துக்குப் பொருத்தமான நான்கு முகங்களை எடுத்துக்கொண்டு வந்திருப்பேன். ராபர்ட்சனின் கடிகாரம் எதற்கு என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. அந்தப் படத்தில் தினமும் காலை பத்து மணிக்கு, அரை மணி நேரம், என்ன நடக்கிறதோ அதைத்தான் எடுத்தோம். பாதி நாள் ஒன்றுமே நடக்கவில்லை.

பணத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஆவணப்படத்தில் எனக்கு வருமானம் இல்லை. வாரத்தில் நான்கு நாள் ஆலோசனை, அதுதான் சோறு. மூன்று படத்துக்கும் சேர்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. படத்தை நம்பிக் கிளினிக்கை விடாதீர்கள். பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பணம் போடுகிறவர் "இன்னும் கொஞ்சம் அழுகை வேணும்" என்று கேட்கும்போது மறுக்கும் தெம்பு வேண்டும், அது வேறு வருமானம் இருந்தால்தான் வரும். நல்ல கேமரா வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் மைக்கைச் சொந்தமாக வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பார்த்துவிடுவார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். தணிக்கைச் சான்றிதழ், விழா விண்ணப்பம் எல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டவை. திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட விழாவுக்கு ஒரு முறை பார்வையாளராகவாவது போய் வாருங்கள். மனநலம் பற்றிய படங்களுக்கென்றே சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் நடத்தும் விழாவும் இருக்கிறது. இணையத்தில் மட்டும் நான் படங்களைப் போடுவதில்லை. நேரில் திரையிடுகிறேன், முடிந்ததும் உட்கார்ந்து பேசுகிறேன். 30 பேர் பார்த்தால் போதும்.

எடுத்த ஃபுட்டேஜ் எல்லாவற்றையும் மூன்று பிரதியாக வைத்திருக்கிறேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் என் வீட்டில், ஒன்று என் தம்பி வீட்டில். வருடத்துக்கு ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறேன். திரும்பப் பெற்ற அந்த முதல் படத்தின் ஃபுட்டேஜும் அதில் இருக்கிறது. அழித்துவிடட்டுமா என்று அந்த அம்மாவிடம் 2014லேயே கேட்டேன். "இருக்கட்டும், இப்ப எதுவும் செய்யாத" என்றார்.

போன வருடம் அவரிடமிருந்து ஃபோன் வந்தது. மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். தம்பி காலமாகி ஆறு மாதம் ஆகிறது, தூக்கத்திலேயே போய்விட்டார். "அவன் இருக்கிற படத்தை எனக்கு மட்டும் ஒரு தடவ காட்டுவியா தாயி?" என்றார். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். முழுப் படத்தையும் பார்த்தார். அந்த 40 விநாடி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "அன்னைக்கு அவன் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போட்டானே, அது இதுல வரலியே" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் காட்சியே ஞாபகம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் தேடினோம். பதினோரு நிமிடம். அவர் தம்பி கிளுவை வேலியில் தழை ஒடித்து ஒவ்வொன்றாக ஆட்டுக்குட்டிக்கு நீட்டுகிறார். குட்டி அவர் சட்டை நுனியைக் கடித்து இழுக்கிறது, அவர் சிரிக்கிறார். என் அன்றைய குறிப்பில் "பயன்படாது, எதுவும் நடக்கவில்லை" என்று எழுதியிருந்தேன். அந்த அம்மா அதை மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, "இதுதான் உன் தாத்தா" என்று காட்டினார். பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.